காம்புள்ள பூ

அறுபதுகளின் தொடக்கத்தில், தென்னூரில் எங்கள் வீட்டு அலமாரியில் பதினோரு கண்ணாடிப் பூச்சாடிகள் இருந்தன. எல்லாம் ஊரைவிட்டுப் போன துரைமார் வீடுகளிலிருந்து பழைய சாமான் கடைக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வந்தவை. ஒவ்வொன்றும் ஒரு பூவின் வடிவம். ஒன்று வாய் விரிந்த ஊமத்தம்பூ, ஒன்று அல்லி மொட்டு, இன்னொன்று என்ன பூவென்று இன்றுவரை தெரியாது. இந்த ஊதா நிறம் கண்ணாடிக்குள் எப்படிப் போயிருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். "அடுப்புல சோறு தீயுது, நீ கண்ணாடிய மோந்துக்கிட்டு நில்லு" என்பார் வீட்டுக்காரர்.

பன்னிரண்டாவது சாடி மன்னார்புரத்தில் இருந்தது. எனக்குத் தலைப்பிரசவம் பார்த்த ஆங்கிலோ இந்திய நர்சம்மாவுடையது. ரோஜா நிறம், விளிம்பெல்லாம் இதழ் இதழாக மடிந்திருக்கும். அவர் மகனோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சாடியை விலைக்குக் கேட்டுவிட்டேன்.

"எங்கம்மாவோடது. விக்க மாட்டேன். பூ வைக்கிற வீடா இருந்தா சும்மாவே தர்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. பதினோரு சாடியில் ஒன்றில்கூட நான் பூ வைத்ததில்லை. சத்தியமாக, அது தோன்றவே இல்லை. பூ என்றால் சாமிக்கு, இல்லாவிட்டால் தலைக்கு.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். கோயில் பக்கத்துப் பூக்கடைகளில் மல்லி, முல்லை, கனகாம்பரம் எல்லாம் குவிந்து கிடந்தன.

"காம்போட பூ இருக்குங்களா?"

"காம்பு எதுக்கும்மா, மாட்டுக்குப் போடவா?" என்றாள் பூக்காரம்மா. பக்கத்துக் கடைக்காரியும் சிரித்தாள்.

நாம் மொட்டைக் கழுத்தோடு கிள்ளித்தானே கட்டுகிறோம்? இத்தனை வயதில் அன்றைக்குத்தான் அதை யோசித்தேன். தாமரைக்குக் காம்பு இருந்தது. ஆனால் விரல் தடிமன், என் சாடிகளின் கழுத்தில் நுழையாது. கண்ணாடிச் சாடியில் வைத்துப் பார்க்கத்தான் என்று விளக்கினேன்.

"பாத்துட்டு?" என்றாள் அவள்.

எரிச்சலில் பதினோரு முழம் முல்லை வாங்கிக்கொண்டு திரும்பினேன். சாடிகளைக் கழுவித் துடைத்து, ஆளுக்கொரு முழம் கழுத்தில் சுற்றினேன்.

"என்ன, இன்னிக்கே ஆயுத பூஜையா? பொட்டும் வச்சிரு" என்றார் வீட்டுக்காரர். அவரைத் திட்டக்கூட நேரமில்லை.

சாயங்காலம் நர்சம்மா துணியில் சுற்றிய சாடியோடு வந்தார். அலமாரியைப் பார்த்தார். ஊமத்தம்பூச் சாடியை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "ஒருநாளும் வச்சதில்லைங்கம்மா. எங்களுக்குக் கட்டத்தான் தெரியும். நீங்க எடுத்துட்டே போங்க" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாடியின் முல்லையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பிரசவம் பாத்த வீட்டுலெல்லாம் எனக்குப் பூ வச்சு அனுப்புவாங்க. தெருமுனை தாண்டினதும் எடுத்துப் போட்டுடுவேன். என்ன திமிரு பாரு எனக்கு!" என்றவர், திரும்பி உட்கார்ந்து தலையைக் காட்டினார். "வச்சு விடு."

குட்டை முடியில் பூ நிற்கவில்லை. இரண்டு கொண்டை ஊசி குத்தி நிறுத்தினேன்.

"அங்க காம்போட பூ எவ்வளவோ கிடைக்கும். இப்படி வச்சு விட யாரு இருக்கா?" என்றபடி, துணிப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

சாடி கிடைத்த சந்தோஷம் எங்கே போனதோ, நான் அழுதுவிட்டேன்.