சீதனம் வாங்காத பேராசிரியர்

பேராசிரியர் பரமலிங்கத்தை ஊரெல்லாம் புகழ்ந்து பேசும். பேசட்டும். முரசுமோட்டையில் அவர்களுடைய காணிக்கு அடுத்த காணி எங்களுடையது. எனக்குத் தெரிந்ததையும் யாராவது கேட்கத்தான் வேண்டும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கரவெட்டியிலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அது. தாய் முதல் மாரியிலேயே காய்ச்சலில் போய்விட்டா. மகன் பரமலிங்கம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்க, மகள் விமலேஸ்வரி தகப்பனோடு சேற்றில் நின்றாள்.

குடியேற்றக் காணியைப் பிரிக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்குத்தான் போகும். எங்கள் யாழ்ப்பாண வழக்கமோ, காணி பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. ஆனாலும் தகப்பன் இளையதம்பி, தனக்குப் பிறகு காணி ஆருக்கென்று காணிக் கந்தோரில் கேட்டபோது மகனின் பெயரையே கொடுத்தார். "தங்கச்சியைக் கரைசேர்க்கிறது அவன்ர பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

ஐம்பத்தெட்டில் துணுக்காயிலிருந்து சின்னராசாவின் சம்பந்தம் வந்தது. உழைப்பாளி, குடிவெறி கிடையாது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: வயல் பெண்ணின் பெயருக்கு மாற வேண்டும்.

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு, ராசேஸ்" என்று களை பிடுங்கும்போது விமலா என்னிடம் சொன்னாள். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விரிவுரையாளராகியிருந்த அண்ணன் வந்தார். நான்தான் கதையை எடுத்தேன்.

"காணியை அவளின்ர பேருக்கு மாத்தி விடுங்கோவன், அண்ணை."

"அவன் மண்ணைக் கட்ட வாறானோ, என்ர தங்கச்சியைக் கட்ட வாறானோ? சீதனம் கேக்கிற வீட்டில அவளைக் குடுக்கமாட்டன். வகுப்பில ஒண்டு சொல்லி, வீட்டில ஒண்டு செய்யிறதோ?"

விமலா குசினி அடுப்படியில் நின்றாள். "அண்ணை படிச்சவர்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வைகாசியில் சின்னராசா வேறிடத்தில் கலியாணம் முடித்தான்.

அண்ணரும் முடித்தார். சீதனம் வாங்காமல்! பேப்பரிலும் வந்ததாம். பொம்பிளை கொழும்பில் டொக்டர். மாதா மாதம் சம்பளமாக வருவதைச் சீதனமென்று யார் சொல்லப் போகிறார்கள்? பிறகு லண்டன் போய்ச் சமூகப்பணி படித்து வந்து பேராசிரியரானார். குடியேற்றத் திட்டத்துப் பெண்களின் கலியாணச் சிக்கல்தான் ஆராய்ச்சியாம். நாசமாய்ப் போக!

அதற்காக அவர் அனுப்பிய மாணவர் இரண்டு பேர் விமலாவிடமும் வந்தார்கள். "ஏன் அக்கா நீங்கள் கலியாணம் முடிக்கேல்லை?" என்று கேட்டார்கள். அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். நான்தான் இருந்து அழுதேன். அவள் அழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுபத்தெட்டில் அவரே வந்தார். தலை நரைத்திருந்தது. கதிரையில் குனிந்தபடி இருந்து, "பிழை விட்டிட்டன், விமலா" என்றார். காணியை அவள் பெயருக்கு மாற்ற, காணிக் கந்தோருக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன்.

அலுவலர் நல்ல மனுசன். வேலையை முடித்துவிட்டுச் சிரித்தார்.

"இனி வயல் உங்கடை, அம்மா. உங்களுக்குப் பிறகு ஆருக்கு? பிள்ளையளில ஒராளின்ர பேரைச் சொல்லுங்கோ."

விமலா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆரின்ர பேரைச் சொல்ல, அண்ணை?"