மாரியில் எழும்பிய தடாகம்

என் கணவர் கட்டாரில் பல வருடங்கள் நீச்சல் தடாக வேலை செய்தவர். தண்ணீர் ஒழுகாமல் உட்சுவருக்குப் பூச்சுப் பூசுவது, பிறகு அதன்மேல் ரைல்ஸ் ஓடு ஒட்டுவது. எங்கள் ஊர் கப்பல்துறையில் வீட்டின் பின்காணி கடற்குடாப் பக்கம் பள்ளமாகப் பதிந்து கிடக்கிறது. அங்கே இரண்டு அறையும் ஒரு தடாகமும் கட்டினால் கொழும்புச் சனம் வந்து தங்கும், தான் திரும்பிப் போகத் தேவையில்லை என்றார். எனக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். ஆள் வீட்டில் இருக்க வேண்டும். தகப்பனைப் போனில் பார்த்தே பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

முதலில் தடாகத்தைத் தொடங்கினார். வேலையைக் குறை சொல்ல மாட்டேன். கொங்கிறீட் காயும்வரை பொறுத்தார். மூலைகளைச் சீமெந்தால் வளைத்து, வலைத்துணி வைத்து, பூச்சை முதல் தரம் குறுக்கே, அடுத்த தரம் நெடுக்கே இழுத்தார். நிறையத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். ஒழுக்கே இல்லை. பிறகு ரைல்ஸ் ஒட்டுவதற்காக அவ்வளவு தண்ணீரையும் இறைத்தார். கட்டாரில் அப்படித்தான் செய்வார்களாம்.

அங்கே பாலைவனம். இங்கே மாரி தொடங்கிவிட்டது.

மழை விடவில்லை. கிணற்றில் குனிந்து கையால் அள்ளலாம் போல் தண்ணீர் ஏறிவிட்டது. தடாகத்துக்குள் விழுந்த மழையை அவர் விழ விழப் பம்ப் போட்டு வெளியே இறைத்தார். சுவர் ஊறினால் ரைல்ஸ் ஒட்டாது என்ற ஒரே பயம்.

"இஞ்சருங்கோ, மழைக்குள்ள நிண்டு காய்ச்சலைத் தேடாதேங்கோ. தண்ணி கிடந்தால் கிடக்கட்டுமே."

"நீ சோத்தைப் பார். தடாகத்தை நான் பாக்கிறன்."

"சோறு வெந்திட்டுது. உங்கட தடாகம்தான் இன்னும் வேகேல்லை."

இரண்டு பேரும் சிரித்தோம்.

விடிந்து பார்த்தால், ஆழமான பக்கம் நிலத்துக்கு மேலே ஒரு முழம் எழும்பி நின்றது. வெறுந்தொட்டியை நிலத்தடித் தண்ணீர் அடியிலிருந்து தூக்கிவிட்டது. உள்ளே தண்ணீர் இருந்திருந்தால் அந்தப் பாரமே அதை அமுக்கி வைத்திருக்கும். நடுவால் வெடித்து, அவர் இழுத்த பூச்சு துணியோடு கிழிந்து தொங்கியது. வெடிப்புக்குள்ளால் சேற்றுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து வெளியே போகாமல் மட்டும் அடைத்த மனுசனுக்கு, வெளியிலிருந்து உள்ளே வரும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. எனக்கும்தான். கிணற்றைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்!

எங்களுக்குச் சல்லிக்கல் ஏற்றித் தந்த கிண்ணியா லொறிக்கார முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, தடாகம் கட்டுற எண்டுட்டுக் கப்பலெல்லோ கட்டி வச்சிருக்கிறீங்க!"

என் கணவர் தொங்கிய பூச்சைக் கையால் பிய்த்துக்கொண்டிருந்தார். நானாவின் குரல் இறங்கியது.

"திரும்ப இறக்க ஏலாதா?"

"ஏலாது நானா. உடைச்சு அள்ளுறதுதான்."

அந்தக் கிழமையே என் கணவர் கட்டாருக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குப் போன் போட்டார்.

"மாரி முடியட்டும், பிறகு யோசிப்பம்" என்றேன்.

"என்னத்தை யோசிக்கிறது? எனக்குத் தெரிஞ்சது அங்கத்தைய வேலைதான்."

போய்விட்டார். தடாகம் பின்காணியில் சரிந்தபடியே கிடக்கிறது. மண் போட்டு மூடு என்று ஊர் சொல்கிறது. ஊர் வந்து மூடட்டும். அவர் அங்கிருந்து போன் எடுத்தால் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நான் சோற்றைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுகிறேன்.