மிட்டாய்க் கடையில் ஒரு வெறும் வயிற்று வரிசை

கோவில்பட்டிக் கல்யாண மண்டபம் ஒன்றில் உணவு, குளிர்பானத் தயாரிப்பாளர்களின் கண்காட்சி இரண்டு நாள் நடந்தது. கயத்தாறில் கடலை மிட்டாய் போடும் என் மச்சினனும் அதில் கடை எடுத்திருந்தான். கோவில்பட்டிக்காரருக்கே கடலை மிட்டாய் விற்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். அவன் குறி, மதுரையிலிருந்து வரவிருந்த மொத்த வியாபாரி. அவர் சரக்கு எடுக்காவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டுத் தன் மாமனாரின் லாரி செட்டில் வேலைக்குப் போக வேண்டும். மாமனாரைவிட அடுப்புச் சூடு தேவலை என்பது அவன் கருத்து.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விதிகள் எல்லாம் மனப்பாடம். கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. மச்சினன் வசமாக மாட்டினான். இருவரும் வெள்ளை அங்கி, தலையுறை, கையுறை, முகக்கவசம் அணிந்தோம். மேசையில் வெள்ளைத் துணி, எவர்சில்வர் தட்டு, இடுக்கி, கைகழுவும் மருந்து. மிட்டாயைத் தூசி படாமல் மூடி வைத்தேன்.

"அத்தான், மூஞ்சியே தெரியாம எப்படி யாவாரம் பண்ண?"

"ஏலே, மூஞ்சியையா விக்கப் போற?"

எங்கள் பக்கம் எந்தக் கூட்டமானாலும் வாசலருகே இலவச சர்க்கரைப் பரிசோதனை இருக்கும். எங்கள் கடையும் வாசலருகேதான். முதலில் வந்த ஆச்சி விரலை நீட்டினார்.

"ஐயா, ஒரு சொட்டு காப்பி குடிக்கல. வெறும் வயித்தோட வந்திருக்கேன்."

"ஆச்சி, இது மிட்டாய்க் கடை."

"நக்கல் பண்ணாதிய. மிட்டாய்க்காரன் எங்கயாவது கையில உறை மாட்டிக்கிட்டு நிப்பானா?"

அவர் நகரவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் பலர் வந்து நின்றார்கள். விலக்கி விடலாம் என்று எட்டிப் பார்த்தால், நடுவில் மதுரை வியாபாரி நின்றிருந்தார். அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் படித்த மச்சினன் ஓடிப்போய் அவரை முன்னால் அழைத்து வந்தான். அவர் விரலை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மெதுவாக் குத்துங்கண்ணே. வீட்டம்மா தொல்லை தாங்காமத்தான் வந்தேன்."

மச்சினன் அந்த விரலை மருந்து போட்டுத் துடைத்தே விட்டான். பிறகு என் காதருகே வந்தான்.

"அத்தான், துடைச்சாச்சு. இப்ப என்ன செய்ய?"

இதற்கு விதி எதுவும் இல்லை. நான் இடுக்கியால் ஒரு மிட்டாயை எடுத்து வியாபாரியின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதைத் தின்னுட்டாக் குத்துவீங்களா?"

"குத்தவே மாட்டோம். இது மிட்டாய்க் கடை."

தூக்குத் தண்டனை ரத்தானவர் போல அவர் முகம் மலர்ந்தது. ஒன்றைத் தின்றார், தட்டின் மூடியைத் தாமே திறந்து மேலும் இரண்டைத் தின்றார்.

"பாகு யாரு எடுக்கிறது?"

"நாந்தான் அண்ணாச்சி!" மச்சினன் முகக்கவசத்தைக் கழற்றி வீசினான்.

"நல்லாருக்குப்பா. முதல்ல நாலு பெட்டி அனுப்பு. நாளைக்கு யாவாரக் கூட்டாளியைக் கூட்டிட்டு வர்றேன்."

"கூட்டத்துக்குள்ள பூந்து போயிட்டு, மிட்டாயும் திங்காவ!" என்று ஆச்சி சத்தம் போட்டார். அவருக்கும் ஒன்று கொடுத்து அனுப்பினோம்.

வியாபாரம் படிந்ததற்குச் சுத்தமே காரணம் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். மச்சினன் மறுப்பதில்லை. மறுநாள் மட்டும், என்னையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய அவன் ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பாமலே மண்டபத்துக்குப் போய்விட்டது.