தாளின் தலையில் ஒரு சிலுவை

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவன். எங்கள் பங்குச் சாமியாரின் சிபாரிசில் இத்தாலிக்குப் போய் அந்த நாட்டு மொழியும் இலக்கியமும் படித்தேன். முதல் வருடப் பரீட்சையில் தவறினால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும். அடுத்த கப்பலில் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

எதை எழுதினாலும் தாளின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை போடுவது சிறு வயதிலிருந்தே என் பழக்கம். பரீட்சையன்றும் போட்டுவிட்டு மளமளவென்று மூன்று பக்கம் எழுதிவிட்டேன். மேற்பார்வைக்கு வந்த பெண்மணியின் முகம் அதைப் பார்த்ததும் மாறியது. எழுதியவர் யாரென்று தெரியாமல் திருத்தும் பரீட்சை அது. தாளில் எந்த அடையாளம் இருந்தாலும் செல்லாதாம். ஆனாலும் அவர் புதுத் தாள்களை என் முன் வைத்து, “இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, எல்லாவற்றையும் இதில் எழுதிவிடுங்கள்” என்றார். எழுதினேன், தேறினேன். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊருக்கு வந்து சொன்னபோது அம்மாவுக்குக் கோபம். “போப்பாண்டவர் இருக்கிற நாட்டுல சிலுவைக்கு இடமில்லையா? என்னடா அநியாயம்!”

இப்போது நான் தாளில் போடுவதில்லை, மேஜைமேல் விரலால் போடுகிறேன். இதையெல்லாம் உங்களுக்கு எழுதும் இந்தக் கடிதத்துக்கும் அப்படித்தான், இரண்டு தடவை. இரண்டாவது அந்தப் பெண்மணிக்கு.