தம்பி என்கிற மூன்று வயதுக் குழந்தை

கிண்டி பூங்கா என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது மான் இல்லை. வெள்ளரிப் பிஞ்சில் தடவிய மிளகாய்ப்பொடி வாசம்தான்...

1991, காணும் பொங்கல். படப்பையிலிருந்து பஸ்ஸில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயில். அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவருக்கு லீவு கிடைத்ததே பெரிய விஷயம். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று. அம்மா ஒரே துணியில் எனக்குக் கவுனும் அவனுக்குச் சட்டையும் தைத்திருந்தாள். மஞ்சளில் வாத்து போட்ட துணி.

அப்பப்பா, என்ன கூட்டம்... மெட்ராஸே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டது. நாங்கள் மானைப் பார்த்ததைவிட மான் எங்களைப் பார்த்ததுதான் அதிகம்.

பாம்புப் பண்ணையில் மலைப்பாம்பைக் காட்ட அப்பா என்னைத் தூக்கினார். இறக்கிவிட்டுப் பார்த்தால் தம்பியைக் காணவில்லை. கூட்டம் தள்ளியதில் அம்மா கையிலிருந்து நழுவியிருக்கிறான்.

அம்மா அழக்கூட இல்லை. எதிரே வந்த குழந்தைகளின் முகத்தையெல்லாம் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அப்போதுதான் மைக்கில் கேட்டது. "தம்பி என்கிற மூன்று வயது ஆண் குழந்தை இங்கே உள்ளது. பெற்றோர் உடனே வரவும்."

சுற்றி ஒரே சிரிப்பு. யார் வீட்டில்தான் தம்பி இல்லை? அம்மாவுக்கும் நம்பிக்கை வரவில்லை. "மஞ்சள் சட்டை, வாத்து படம்" என்று அடுத்து வந்ததும் என் கவுனைப் பார்த்தாள். மூன்று பேரும் ஓடினோம்.

மைக் பிடித்திருந்த போலீஸ்காரர் நொந்துபோயிருந்தார். "பேரு இன்னான்னு கேட்டா தம்பின்றான். அப்பா பேரு அப்பாவாம். ஊரு நம்ம ஊராம். நான் இன்னாதான் பண்றது?"

அப்பா கையைக் கூப்பினார். "எங்க பையன்தாங்க."

திரும்பி வரும்போது ரயிலில் பாடம் ஆரம்பித்தது. "சொல்லு. பேரு சதீஷ்குமார். அப்பா பேரு ஏழுமலை. ஊரு படப்பை."

"தம்பி."

"சதீஷ்குமார்டா."

தாம்பரம் வருவதற்குள் பாட்டு மாதிரி ஒப்பித்தான். "இனிமே எங்க தொலைஞ்சாலும் வூடு வந்துடுவான்" என்றார் அப்பா.

அந்தத் தம்பி வளர்ந்து ஒரகடத்தில் வேலைக்குப் போனான். ஒரு நாள் ஓ.டி. முடிந்து பைக்கில் வரும்போது லாரி மோதிவிட்டது. தகவல் வந்து நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உயிர் போய்விட்டது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டார். "சதீஷ்குமார்... அப்பா பேரு ஏழுமலை... ஊரு படப்பை. அவர் வூட்டுக்காரங்க யாரு?"

ரயிலில் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. அம்மா அசையவில்லை. "வேற யாரையோ கூப்புடறாங்க. நம்ம தம்பி இல்ல" என்றாள்.

அப்பாதான் எழுந்து போனார். அன்றைக்குப் போலவே கையைக் கூப்பினார்.

"எங்க பையன்தாங்க."

இப்போதெல்லாம் காணும் பொங்கலுக்குக் குழந்தைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். நல்ல விஷயம். போன வருஷம் என் பசங்களைக் கிண்டிக்குக் கூட்டிப்போனேன். கூட்டம் கொஞ்சமும் குறையவில்லை. மைக்கில் விதவிதமாக முழுப்பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

தம்பி என்று மட்டும் யாரையும் கூப்பிடவில்லை. கேட்டைத் தாண்டி வெளியே வரும்வரை நான் கேட்டுக்கொண்டேதான் வந்தேன்...