ஐயாத்துரையின் தலைகீழ் விகிதம்

குடையைத் தரையில் செங்குத்தாக ஊன்றி, அதன் நிழலை அடிக்கோலால் அளந்துகொண்டிருக்கிறார் ஐயாத்துரை. மலாய் நாட்டு லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனின் உதவி மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். குடையின் உயரமும் நிழலும் தெரிந்தால், தண்ணீர்த் தொட்டியின் நிழலைக் கொண்டே தொட்டியின் உயரத்தைச் சொல்லிவிடலாம். சொல்லியும் விடுவார், அதுவும் சரியாக. வந்த வினையே அதுதான்! தொட்டிக்குச் சரியாக வந்த கணக்கு உலகத்துக்கெல்லாம் வரும் என்று மனிதர் நம்பிவிட்டார்.

எதிரே ஜெய்னுலாபுதீனின் சாயாக் கடை. ஒரு முட்டை அவிய எட்டு நிமிடம் என்று கடைக்காரர் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"அப்ப ஆறு முட்டைக்கு நாப்பத்தெட்டு நிமிசம். நேர் விகிதம், காணும்!"

"அலமாக், ஐயோ! ஒரே சட்டியில போட்டா எல்லாம் ஒண்ணாத்தான் வேகும் மாஸ்டர்."

"அது உம்மட அடுப்பின்ர பிழை."

சிரிக்கலாம்தான். ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு பயம் குடியிருந்தது. மனைவி செல்லப்பாக்கியத்தின் முதல் பிரசவம் பதினெட்டு மணி நேரம் இழுத்தது. பார்த்தவள் ஒரே மருத்துவச்சி. பிள்ளை தங்கவில்லை. நேரம்தான் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று ஐயாத்துரை முடிவு கட்டினார். ஆகவே இரண்டாவது பிள்ளைக்கு வலி கண்ட காலையிலேயே பிரசவம் பார்க்க மூன்று பேரை வரவழைத்துவிட்டார்.

"ஆள் கூடினா நேரம் குறையும். தலைகீழ் விகிதம். மூண்டு பேர், ஆறு மணித்தியாலம்!"

ரப்பர் தோட்டத்து மருத்துவச்சி காளியம்மா, காற்றுப் பிடிக்கும் என்று ஜன்னலைச் சாத்தினாள். குளுவாங் டவுனிலிருந்து ரயிலில் வந்த நர்ஸ் கனகம்மா அதைத் திறந்தாள். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து வந்த கிழவி மக் ஈத்தாம் இருவரையும் சட்டை செய்யவில்லை. பிரசவம் தடைபடக் கூடாதென்று வீட்டிலுள்ள பெட்டி, அலமாரி, எல்லாவற்றின் பூட்டையும் திறந்துகொண்டு போனாள். நண்பகலில் மூவரும் அடுக்களையில் நின்று சண்டை போட்டார்கள். பிள்ளை பெறுகிறவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனித்தார்கள்.

ஆறு மணி நேரமும் கடந்துவிட்டது. ஐயாத்துரையின் முகத்தில் ஈயாடவில்லை.

"மூணு பேரு மண்ணு வெட்டுனா சீக்கிரம் முடியும் சாமி," என்றாள் காளியம்மா. "புள்ளைய நாங்களா வெட்டி எடுக்கிறோம்? அது வர்றப்பத்தான் வரும்."

"எப்ப வரும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

உள்ளேயிருந்து செல்லப்பாக்கியம் கூப்பிட்டாள்: "இஞ்சேருங்கோ, எனக்குப் பயமாயிருக்கு."

ஆண்கள் நுழையாத அறை அது. ஐயாத்துரை சப்பாத்தை உதறிவிட்டு உள்ளே ஓடினார். அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "இந்தப் பிள்ளையாவது தங்குமோ?" என்று கேட்டாள். அவரிடம் அதற்குக் கணக்கு இல்லை. ஸ்டேஷன் தொப்பியைக் கழற்றி அவளுக்கு விசிறத் தொடங்கினார். அதைப் பார்த்த மூன்று பெண்களும் சண்டையை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் குழந்தை வீறிட்டது. பெண் குழந்தை, நல்ல குரல்.

கனகம்மா கொடியை வெட்டும்போதே காளியம்மா அவசரப்பட்டாள்: "ஜாதகம் எழுதணுமே! பொறந்த நேரம் எத்தனை மணி சாமி?"

பிள்ளை வீறிட்டபோது அவர் எடுத்துப் பார்க்க மறந்த ரயில்வே கடிகாரம் சட்டைப் பையில் டிக்டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. ஐயாத்துரை விசிறிக்கொண்டே உதட்டைப் பிதுக்கினார்.