மணி அடித்ததும் பதுங்கியவர்

நியூஜெர்சியில் ஒரு கொரிய பௌத்தக் கோயிலுக்கு நாங்கள் போனபோது, அவர் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எண்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. நியூவர்க் விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானம் ஒவ்வொன்றையும் நின்று அண்ணாந்து பார்ப்பார். அது போன பிறகுதான் துடைப்பம் நகரும்.

ஓரத்து மண்டபத்தில் ஆளுயர வெண்கல மணி தொங்கியது. கோயிலுக்குள் நுழைந்தால் மணியடித்துக் கும்பிடுவதுதானே நம் வழக்கம்? பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த மரக்கட்டையை இழுத்து ஓங்கி மோதினேன். என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது.

திரும்பினால், துடைப்பம் தரையில் கிடந்தது. அவர் தலையைக் கைகளால் பொத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டிருந்தார்.

"ஐயோ, அவருக்கு என்னங்க ஆச்சு? ஹார்ட் அட்டாக்கா?" என்று அலறினாள் மனைவி. "போலீஸ் வந்தா நம்ம கிரீன் கார்டு என்னாகும்?"

ஓடிப்போய்த் தூக்கினேன். 'ஸாரி, ஸாரி' என்றேன்.

மூச்சு வாங்கியபடி அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: "கொரியாவுல சண்டை நடந்தப்ப நான் சின்னப் பையன். எங்க ஊர்ல மணி அடிச்சா, குண்டு போட பிளேன் வருதுன்னு அர்த்தம்."

பிறகு என்னை மணியருகே அழைத்துப்போய், என் கையில் கயிற்றைக் கொடுத்தார். "இன்னொரு தடவை அடிங்க. மெதுவா."

மாட்டேன் என்று தலையாட்டினேன். என் கையோடு சேர்த்து அவரே இழுத்துவிட்டார். மணி நெடுநேரம் முனகியது. அவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்தான்.